சோதித்தவர்: ஸ்டெல்லா

கேக்கின் மேல் எழுதியிருந்தால் வெட்டித் தின்றுவிட்டு மறந்திருப்பேன். நீங்கள் ஃபிரேம் போட்டு சர்வர் ரூமில் உங்கள் மேஜைக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டீர்கள்.

ஹரிணி, சையது, உங்கள் இரண்டு பேரையும்தான் சொல்கிறேன். பிரிவு உபசார விழாவுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, லினக்ஸ் கெர்னலில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிவாகும் இடத்தில் போய்த் தேடி, அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். "சோதித்தவர்: ஸ்டெல்லா." அதைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு, "உலகம் பூரா ஓடுற கெர்னல்ல நம்ம மேடம் பேர் இருக்குங்க!" என்று சையது மைக்கில் கத்தினான். கேன்டீன் முழுக்கக் கைதட்டியது. நான் சிரித்தேன், சால்வையை வாங்கிக்கொண்டேன், போட்டோவுக்கு நின்றேன். வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். திட்டு வாங்கினால் வரும் அவமானம் வேறு. புகழ்ச்சி வாங்கி வந்த அவமானத்தை நான் அன்றுதான் முழுசாக அனுபவித்தேன்.

ரிட்டயர் ஆனவர்களுக்கு அறிவுரை சொல்லும் வியாதி வரும் என்று கேலி செய்வீர்கள். அந்த வியாதி வரவும் ஒரு தகுதி வேண்டும், எனக்கு அது இல்லை. நீங்கள் மாட்டிய வரிக்குப் பின்னால் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபிரேமை என்ன செய்வது என்று கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

நீங்கள் வருவதற்கு முன், இன்ஸ்பெக்ஷன் ரூம் பெயின்ட் ஷாப்பை ஒட்டிய பழைய கட்டிடத்தில் இருந்தது. வண்டிகளின் பிரேக் பாகங்களை அளந்து பார்க்கும் மெஷின்கள் அங்கேதான். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். அளவுகள் அந்தக் கம்ப்யூட்டரில் தங்காது. நெட்வொர்க் வழியாக, நான் பார்த்துக்கொண்டிருந்த சர்வரில் போய் உட்காரும். கஸ்டமர் கம்பெனிக்காரர்கள் வந்தால் அந்த ரிப்போர்ட்டைத்தான் திறந்து பார்ப்பார்கள். பிரேக் சமாச்சாரம் என்பதால் ரிப்போர்ட் இல்லாத பாகம் கேட்டைத் தாண்டாது.

அங்கே சீனியர் இன்ஸ்பெக்டராக இருந்தவர் முனிராஜு. தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், பெயின்ட் ஷாப்காரர்களிடம் தெலுங்கு. ஊரில் கொஞ்சம் ராகிக் காடு இருந்தது. யானை புகுந்த மறுநாள் மட்டும் லீவு போடுவார், மற்றபடி லீவே கிடையாது. வேலையில் அவர் ரொம்ப நிதானம். அவருடைய நிதானத்தைப் பார்த்து மற்றவர்களுக்கு எரிச்சல் வரும்.

ஒரு நாள் கஸ்டமர் ஆடிட்டர் வந்து ஒரு ரிப்போர்ட்டைத் திறந்தார். ஃபைல் பெயர் சரி, ஃபைலின் சைஸும் சரி. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை, எல்லாம் வெறும் பூஜ்யம். முனிராஜு அளந்த பாகங்கள் அவை. அளக்காமலேயே பேருக்கு ஒரு ஃபைலை உருவாக்கி வைத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பழி கிடையாது. குடித்துவிட்டு வந்தால்கூட ஒரு தடவை எச்சரித்து விடுவார்கள். அளக்காமல் அளந்தேன் என்றவனை எந்தக் கம்பெனியும் வைத்திருக்காது.

"அளந்தேன் மேடம். ஒவ்வொண்ணா எடுத்து வெச்சு அளந்தேன். சேவ் ஆயித்துன்னு ஸ்கிரீன்ல வந்துச்சு" என்றார். பதற்றம் வந்தால் அவர் தமிழுக்குள் கன்னடம் புகுந்துவிடும்.

அந்த முறை நான் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். இதைச் சொல்வதுகூட எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. அவருடைய கம்ப்யூட்டரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்தேன். அவர் சேவ் செய்த அதே நேரத்தில், சர்வரில் எழுத முடியவில்லை என்ற பிழை பதிவாகியிருந்தது. ஷிப்ட் முடியும்போது எல்லா மெஷின்களிலும் ஒரே சமயத்தில் ரிப்போர்ட் சேவ் செய்வார்கள்; அந்த நெரிசலில் மட்டும்தான் இந்தக் கோளாறு தலைகாட்டியது. மீட்டிங்கில் எழுந்து, "தப்பு முனிராஜு மேல இல்ல சார், சிஸ்டத்துல இருக்கு" என்றேன். குவாலிட்டி மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், தன்மையாகப் பேசுவார், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். "அப்ப சிஸ்டத்தை நீங்க சரி பண்ணிக் குடுத்துருங்க மேடம். ஆயுத பூஜை முடிஞ்சு மறுபடி ஆடிட் வருதுங்க" என்றார்.

தேடிப் பார்த்ததில், கோளாறு, லினக்ஸின் அடித்தளமான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் என்று தோன்றியது. கெர்னலைக் கவனிப்பவர்களின் மெயில் குழுவுக்கு எழுதினேன். கிராமரைப் பத்துத் தடவை பார்த்துத்தான் அனுப்பினேன். எங்கோ ஒரு குளிர்தேசத்திலிருந்து ஒருவர் பதில் எழுதினார். அவரை நான் கடைசிவரை பார்த்ததில்லை, பெயரும் இங்கே வேண்டாம். இந்த வேலையில் எனக்கு குரு என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்வேன். "ஓர் இடத்தில் சந்தேகம் இருக்கிறது. திருத்தம் ஒன்று சேர்த்திருக்கிறேன். இந்தப் புதிய கெர்னலை உங்கள் வழக்கமான வேலை நடக்கும்போது ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். அவசரம் இல்லை" என்று எழுதியிருந்தார்.

அவசரம் எனக்குத்தான் இருந்தது. வேலை நேரத்தில் இன்ஸ்பெக்ஷன் கம்ப்யூட்டர்களை ரீபூட் செய்ய யாரும் விடமாட்டார்கள். பிளான்ட் நிற்பது ஆயுத பூஜைக்கு மட்டும். அதற்கு முந்தின நாளே என் இடத்தில் இருந்தபடி எல்லாவற்றிலும் புதிய கெர்னலை ஏற்றினேன். பூஜையன்று காலையில் ரீபூட் செய்தேன்.

அன்றைக்குப் பிளான்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டில் வாழைமரம், தரையெல்லாம் பூசணிக்காய்ச் சிதறல், ஃபோர்க்லிஃப்ட்டின் நெற்றியில்கூடச் சந்தனம். முனிராஜு தன் மெஷின்களைத் துடைத்து, ஒவ்வொரு மானிட்டருக்கும் பொட்டு வைத்து, சாமந்திச் சரம் போட்டிருந்தார். நான் எட்டிப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"மேடம், பூஜ போட்டாச்சு. நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"நான் எங்க தொடப்போறேன்? என் சீட்ல இருந்தே பாத்துக்குவேன்" என்றேன்.

"நல்லா பாருங்க மேடம். இதுல என் மானம் இருக்கு" என்று சொல்லி, ஒரு கவர் நிறையப் பொரியும் கடலையும் கொடுத்தார். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், ஆனால் ஆயுத பூஜைப் பொரி என்றால் விடமாட்டேன்.

பொரியைக் கொறித்துக்கொண்டே என் சீட்டில் இருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராக ஃபைல்களை எழுத வைத்தேன். ஒன்று முடிந்ததும் அடுத்தது. ஒரு பிழைகூட வரவில்லை. வழக்கமான வேலை நடக்கும்போது ஓட்டச் சொல்லியிருந்தார் அந்தக் குளிர்தேசத்துக்காரர். நான் ஓட்டியது பிளான்ட்டே உறங்கிக் கிடந்த நாளில். லீவு நாளில் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளைகள் சத்தமே போடவில்லை என்று சர்ட்டிஃபிகேட் எழுதிக் கொடுத்த கதைதான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் பெரிது. கம்ப்யூட்டர் புதிய கெர்னலில்தான் எழுந்து வந்திருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. அதைச் சொல்லும் கட்டளை இரண்டு வார்த்தை. உங்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுத்த கட்டளையே அதுதானே, ஏன் என்று இப்போது தெரிகிறதா? அந்தக் கம்ப்யூட்டர்களில் முன்பு ஒரு தடவை அப்டேட் சொதப்பியபோது, எப்போது ரீபூட் ஆனாலும் பழைய கெர்னல்தான் வர வேண்டும் என்று பூட் மெனுவைப் பூட்டி வைத்தவள் நான். பூட்டியதை மறந்துவிட்டேன். நான் அன்று முழுக்கச் சோதித்தது பழைய கெர்னலை.

பூஜை முடிந்து கற்பூரத் தட்டு என் மேஜைக்கு வந்தபோது, நான் மெயில் தட்டிக்கொண்டிருந்தேன். "சோதித்துவிட்டேன். பிழை போய்விட்டது. என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்." கடைசி வாக்கியத்தை அவர் கேட்கவில்லை. நானாக எழுதினேன். சோதித்தவர் பெயரைத் திருத்தத்தோடு பதிவார்கள், அது அழியாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பட்டியலில் ஏறிவிட வேண்டும் என்ற ஆசை, பொரியைவிட ருசியாக இருந்தது.

விடுமுறை முடிந்ததும் மீட்டிங். "முடிஞ்சுதுங்களா மேடம்?" என்று குவாலிட்டி மேனேஜர் கேட்டார். "முடிஞ்சுது சார். நானே டெஸ்ட் பண்ணிட்டேன். இனிமே வராது" என்றேன். முனிராஜு பின்வரிசையில் இருந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த வாரமே அவருடைய ரிப்போர்ட் ஒன்று மறுபடி காலியாக இருந்தது.

அவர் என் மேஜைக்கு வந்த நேரம், ஆடிட்டுக்கான வேலையில் நான் மூழ்கிக் கிடந்தேன். நின்றுகொண்டே பேசினார்.

"மேடம், திரும்ப வந்துடுச்சு. நான் அளந்தேன் மேடம். ஒரு தடவ பாத்துடுங்க."

"பாக்க ஒண்ணுமில்ல முனிராஜு. சரி பண்ணது நானு, டெஸ்ட் பண்ணதும் நானு."

"அப்புடின்னா?"

"அப்படின்னா சர்வர்ல ஒரு கோளாறும் இல்ல."

"நீங்களே இப்புடி சொன்னா நான் யார்கிட்ட போறது மேடம்?" என்றார். நான் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் போனதுகூட எனக்குத் தெரியாது. முதல் முறை அவருக்காக எந்த லாகைத் திறந்தேனோ, அதை இரண்டாவது முறை திறக்கவில்லை. திறந்திருந்தால் அங்கேயே எல்லாம் தெரிந்திருக்கும். என்னுடைய சொந்த சர்ட்டிஃபிகேட்டை நம்பினேன், எதிரில் நின்ற மனிதரை நம்பவில்லை. அதைவிடக் கேவலம், மனசுக்குள் எரிச்சல்கூட வந்தது. போன தடவை நான் காப்பாற்றினேன், அந்தத் தைரியத்தில் இந்தத் தடவை நிஜமாகவே ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன்.

மேனேஜர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சிஸ்டம் சரியா இருக்குதுங்களா?" இருக்கிறது என்றேன். விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கும்படி முனிராஜுவிடம் சொல்லிவிட்டார்கள்.

அந்த வியாழக்கிழமை மதியம், குளிர்தேசத்துக்காரரிடமிருந்து மெயில். வேறு எங்கோ ஒருவருக்குப் புதிய கெர்னலிலும் அதே பிழை வருகிறதாம். "உங்களுக்குச் சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எந்த கெர்னலில் ஓடுகிறது என்பதை உங்கள் மெஷினில் பார்த்து அப்படியே அனுப்ப முடியுமா? நான்தான் எதையாவது தவறவிட்டிருப்பேன்." தவறு தன் பக்கம் என்றே எழுதியிருந்தார் அந்த மனுஷன்.

கட்டளையைத் தட்டினேன். பழைய கெர்னலின் எண் வந்தது. அடுத்த கம்ப்யூட்டரிலும் பழைய எண். எல்லாவற்றிலும். பிறகு லாகைத் திறந்தேன். முனிராஜு சேவ் செய்த நேரத்துக்கு நேராக அந்தப் பிழை, முதல் முறை இருந்த மாதிரியே இருந்தது. பக்கத்து சீட்டில் யாரோ டீ வேண்டுமா என்று கேட்டார்கள், நான் வேண்டும் என்றேனா வேண்டாம் என்றேனா தெரியவில்லை.

குளிர்தேசத்துக்காரருக்கு உடனே எழுதிவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது, நான் சோதித்தது பழைய கெர்னல், மன்னித்துவிடுங்கள் என்று ஒளிக்காமல் எழுதினேன். உலகமே படிக்கிற குழுவில்தான் எழுதினேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் முகம் தெரியாத சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், வெளியே வந்து சொந்த வீட்டில் சொல்லத்தான் நாக்கு எழும்பாது. மேனேஜர் அன்றைக்குக் கஸ்டமர் பிளான்ட்டுக்குப் போயிருந்தார். போனில் சொல்கிற விஷயமா இது, நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதையாவது மண்ணாவது, பயம். திங்கட்கிழமை வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை மீட்டிங்கில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூட் மெனு, பழைய கெர்னல், லாக், எல்லாம். மேனேஜர் பேனாவை மூடி வைத்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க மேடம்?"

"வியாழக்கிழமை சார்."

"சனிக்கிழமை அவர்கிட்ட ராஜினாமா எழுதி வாங்கிட்டாங்க. விசாரணைன்னு போனா பேர் கெட்டுப்போகும், நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்கன்னு நானுந்தான் சொன்னேன்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வியாழக்கிழமை ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்க."

பிறகு கம்பெனியிலிருந்து முனிராஜுவைக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, வீட்டுக்குப் போகாமல் நேராகத் தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினேன். வேலி போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், கையெல்லாம் முள் கீறல். என்னை உட்கார வைத்து மோர் கொடுக்கச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

"மீட்டிங்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். எல்லார் முன்னாடியும்."

"மீட்டிங் ரூம்ல பத்துப் பேர் இருப்பாங்க மேடம். கீழ ஷாப்ல எரநூறு பேர் இருக்காங்க. முனிராஜு அளக்காம எழுதுறவன்னு அங்கதான பேசுனாங்க?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"திரும்ப வாங்க முனிராஜு. அதே சீட்டு, அதே சம்பளம். நான் பேசிட்டேன்."

"வேணாம் மேடம். பார்டர் தாண்டி, பெங்களூர் ரோட்டுல ஒரு கம்பெனில சேந்துட்டேன். போக வர ரொம்பத் தூரம்தான். ஆனா நான் அளந்தேன்னு சொன்னா, அங்க அளந்தேன்னு எடுத்துக்கறாங்க."

பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து வந்தார். வழியில் கெர்னல் பற்றியோ கம்பெனி பற்றியோ எதுவும் பேசவில்லை. யானை எந்தப் பக்கமாக வந்தது என்று காட்டிக்கொண்டே வந்தார். ஓசூர் பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தபோது கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அன்னைக்கு நான் வந்து நின்னப்போ, ஒரு தடவ பாத்திருக்கலாம் இல்ல மேடம்?"

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும் முன், ஷாப்பில் எல்லாரும் வரிசையில் நின்று பாதுகாப்பு உறுதிமொழி சொன்ன பிறகு, மைக்கை வாங்கினேன். முனிராஜு அளந்தார், அளவுகளைத் தொலைத்தது என் சிஸ்டம், அது சரியாக இருக்கிறது என்று பொய்யாகச் சொன்னது நான் என்றேன். சிலர் கேட்டார்கள், சிலர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் ஷாப்காரர் ஒருவர் மட்டும், "அப்புடே செப்பானு கதா நேனு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் அப்போதே சொன்னேனே என்று அர்த்தம். ஒருவராவது அவருக்காகப் பேசியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒருவர் நான் இல்லை.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பூட் மெனுவின் பூட்டை எடுத்து, புதிய கெர்னலில் கொண்டுவந்து, ஷிப்ட் முடியும் நெரிசலில் வைத்துச் சோதித்தேன். பிழை குறைந்திருந்தது, போகவில்லை. அந்த முதல் திருத்தம் அரைகுறை. என் பேச்சை நம்பி அதை அவர்கள் ஏற்கெனவே சேர்த்துவிட்டிருந்தார்கள். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சி எழுதினேன். ஒருமுறை பதிவானதை அங்கே யாரும் அழிப்பதில்லை என்று பதில் வந்தது. பிறகு குளிர்தேசத்துக்காரர் செய்த இரண்டாவது திருத்தத்தைத்தான் நான் நிஜமாகச் சோதித்தேன். ஒவ்வொரு ஷிப்டிலும், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், எந்த கெர்னல் என்று பார்த்துப் பார்த்துச் சோதித்தேன். பிழை நின்றுவிட்டது. பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நீங்கள் தேடினாலும் அதில் என் பெயர் கிடைக்காது. கிடைத்தது, ஃபிரேமுக்குள் இருக்கும் அந்த முதல் வரிதான்.

அதைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது மனசு மாறிவிட்டது. இருக்கட்டும். நீங்கள் ஆசையாக மாட்டியது, கழற்ற வேண்டாம். நாளைக்கு யாராவது உங்கள் மேஜைக்கு வந்து நின்று, நான் சேவ் பண்ணினேன், நான் அனுப்பினேன், நான் அளந்தேன் என்பார்கள். நீங்கள் வேலை மும்முரத்தில் இருப்பீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கும். அப்போது நிமிர்ந்தால் கண்ணில் படும்படி, என் பெயருக்குக் கீழே ஒரு காகிதத்தை ஒட்டி வையுங்கள். உன் கையெழுத்து அழகாக இருக்கும் ஹரிணி, நீயே எழுது.

"ஒரு தடவ பாத்திருக்கலாம் இல்ல மேடம்?" அதற்குக் கீழே அவர் பெயரையும் போடு: முனிராஜு.